பள்ளியில் மகளின் கழுத்தைப் பார்த்துவிட்டு "சுகர் டெஸ்ட் எடுங்கள்" என்று சீட்டு கொடுத்தார்கள். என்ன செய்வது?

தறிநாடா (திங்கள், இரவு 9:12)

வணக்கம். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. போன வாரம் அவள் படிக்கும் தனியார் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. எடை, உயரம் பார்த்திருக்கிறார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். தலைமுடியை ஒதுக்கச் சொல்லி கழுத்தின் பின்பக்கம் டார்ச் அடித்தும் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் பையில் ஒரு சீட்டு வந்தது. "கழுத்தில் கருமை. எடை அதிகம். சர்க்கரை 132. மருத்துவரை அணுகவும்." அவ்வளவுதான் இருந்தது.

சீட்டு கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கொடுத்திருக்கிறார்கள். வேனில் வரும்போதே இரண்டு பையன்கள் "சுகர், சுகர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி குளிக்கப் போனவள் அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டித் திறக்க வைத்தேன். பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுத்துத் தோல் கன்றிச் சிவந்திருந்தது. "அழுக்கு போகவே மாட்டேங்குதும்மா" என்று அழுதாள். அந்த நாரை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இரண்டு வருஷமாக நானும் என் மாமியாரும் "கழுத்தைச் சரியாகத் தேய்" என்று அவளிடம் சொல்லாத நாளில்லை. கடலை மாவு, எலுமிச்சை, தயிர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

அது அழுக்கா, நோயா? 132 என்பது பயப்பட வேண்டிய அளவா? பிள்ளைகளுக்குப் பள்ளியில் வைத்து இப்படிப் பார்ப்பது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையசோறு (திங்கள், இரவு 9:40)

படிக்கவே சங்கடமாக இருக்கிறது அம்மா. முதலில் அந்த நாரை எடுத்துத் தூரப் போடுங்கள்.

என்னைக் கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு இந்த வேலை வேண்டாம். பெண் பிள்ளை. சின்ன ஊர். "அந்தப் பொண்ணுக்குச் சுகராம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் பத்து வருஷம் கழித்துக் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது பின்னாலேயே வரும். எங்கள் உறவிலேயே ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன். நோய் இருந்தால் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

---

மருந்துச்சீட்டு (திங்கள், இரவு 10:25)

நான் குழந்தைநல மருத்துவர். உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அது அழுக்கு இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மருத்துவத்தில் அதற்கு அக்காந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். கழுத்தின் பின்பக்கம், அக்குள், சில சமயம் முழங்கை, விரல் கணு ஆகிய இடங்களில் தோல் கறுத்துக் கொஞ்சம் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வரக் காரணம் இன்சுலின்தான். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கும். ரத்தத்தில் கூடிப்போன அந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டி வளரச் செய்கிறது. சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே, கணையம் இரட்டை வேலை செய்துகொண்டிருப்பதைத் தோல் வெளியே காட்டிவிடுகிறது. கருமை இருப்பதால் நீரிழிவு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய அடையாளம் அது. தேய்த்தால் தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும், அதனால் இன்றைக்கே நிறுத்துங்கள். எடையும் இடுப்புச் சுற்றளவும் குறையக் குறைய, மாதக் கணக்கில் அதுவும் மெல்ல வெளுக்கும்.

அப்புறம் அந்த 132. சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து எடுத்தார்கள் என்பதே சீட்டில் இல்லை. நேரம் எழுதாத எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்ய வேண்டும். எந்த நேரத்தில் எடுத்தாலும் 200-ஐத் தாண்டி, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு இருந்தால் காத்திருக்கவே கூடாது. உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இல்லையே?

இன்னும் மூன்று விவரங்கள் வேண்டும். அவளுடைய உயரம், எடை, தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு. வீட்டில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது? அவள் வயிற்றில் இருந்தபோது உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா?

---

தறிநாடா (திங்கள், இரவு 10:51)

நன்றி டாக்டர். தாகம், அடிக்கடி பாத்ரூம் எதுவும் இல்லை. உயரம் 148, எடை 54. டேப் வைத்து இப்போதுதான் அளந்தேன், 76 சென்டிமீட்டர் வருகிறது. அப்பா வழித் தாத்தாவுக்குச் சுகர், காலில் ஒரு விரல் எடுத்துவிட்டார்கள்.

ஏழாம் மாதத்தில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார்கள். இன்சுலின் போட்டேன். பிரசவம் ஆனதும் எல்லாம் போய்விட்டது.

---

மைதானம் (செவ்வாய், காலை 6:05)

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நானும் அதைச் செய்தவன். வருஷா வருஷம் உயரம், எடை எடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். காலை வழிபாடு முடிந்ததும் வரிசையாக நிற்க வைத்து, எடை மேடையில் ஏற்றி, எண்ணை உரக்கச் சொல்வேன். ஒரு மாணவர் எழுதுவார். சத்தமாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான் என் எண்ணம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எடை எடுக்கும் நாளில் மட்டும் இரண்டு வருஷமாக லீவு போட்டிருக்கிறாள். வருகைப் பதிவேட்டை யதேச்சையாகப் புரட்டியபோதுதான் அது என் கண்ணில் பட்டது. அவளைக் கூப்பிட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அதன் பிறகு முறையை மாற்றிவிட்டேன். தனி அறையில் ஒவ்வொருவராக வருகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பரிசோதனை வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பிள்ளையின் உடம்பு பற்றிய செய்தி பிள்ளைக்கும் வீட்டுக்கும் மட்டுமே போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பீரியட் விளையாட்டு என்று கால அட்டவணையில் இருக்கும். ஜூலைக்கு மேல் அந்த இரண்டையும் கணக்கு வாங்கிக்கொள்ளும். பிள்ளைகள் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று முகாம் போட்டுக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

---

ஹூஸ்டன்வாசி (செவ்வாய், காலை 7:30)

தறிநாடா அக்கா, இதே சீட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தது, ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு. டெக்ஸாஸில் இது சட்டமாகவே இருக்கிறது. மெக்சிகோ எல்லையோர மாவட்டங்களில் வழக்கமாகப் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு பிள்ளைகளுக்கே வருவதைப் பார்த்துவிட்டு, 1999-இல் மாநில சட்டமன்றம் அங்கே கழுத்துப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. பிறகு ஹூஸ்டன், டாலஸ் உள்படப் பல பகுதிகளுக்கும் விரிவாக்கினார்கள். 1, 3, 5, 7 வகுப்புகளில் பார்ப்பார்கள். கண், காது, முதுகுத்தண்டு பரிசோதனை நடக்கும் அதே நாளில், அதே நர்ஸ், கழுத்தின் பின்பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவார். அடையாளம் இருந்தால் மட்டும் உயரம், எடை, ரத்த அழுத்தம் எடுத்துப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவார்கள். ஊசி கிடையாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். என் கழுத்தும் அப்படித்தானே, என் அப்பா கழுத்தும் அப்படித்தானே என்று வாதாடினேன். மனைவி சொன்னாள்: "உங்கள் அப்பாவுக்கு நாற்பதிலேயே சுகர். உங்களுக்கு முப்பத்தாறில்." அதற்குமேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

---

மருந்துச்சீட்டு (செவ்வாய், காலை 8:10)

"நம் நிறமே அப்படித்தான்" என்று வாரத்துக்கு நான்கு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் இருப்பதால் அது இயல்பு என்று தோன்றிவிடுகிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தறிநாடா, வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 148-இல் பாதி 74. அவளுக்கு 76. கழுத்துக் கருமை, தாத்தாவின் நோய், கர்ப்பத்தில் உங்களுக்கு இருந்த சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளிச் சீட்டு வராவிட்டாலும் சோதிக்க வேண்டிய பிள்ளைதான். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. 10 வயதிலோ பூப்பு தொடங்கும்போதோ, எது முந்துகிறதோ அப்போது, எடை கூடுதலாக இருந்து கூட ஒரு காரணமும் இருந்தால் பார்க்க வேண்டும். தாய்க்குக் கர்ப்ப காலச் சர்க்கரை இருந்ததும் அப்படி ஒரு காரணம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுப்பது சரியா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் இதை ஆராய்ந்து, அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்குச் சோதனை செய்வதன் நன்மை தீமையை எடைபோடப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. எனவே எல்லோருக்கும் விரலில் குத்துவதை நான் ஆதரிக்கவில்லை. யாருக்குக் குத்த வேண்டும் என்பதைக் கேள்விகளாலும் ஒரு அளவு டேப்பாலும் முடிவு செய்துவிடலாம்.

---

கிராமச்செவிலி (செவ்வாய், மதியம் 2:15)

மருத்துவக் குழுவோடு பள்ளிகளுக்குப் போகிறவள் நான். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-இல் வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறோம். அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஒரு முறை. பிறவிக் குறைபாடு, ரத்தசோகை, பல் சொத்தை, இதயக் கோளாறு என்று அப்போது போட்ட 30 நோய்ப் பட்டியலில் நீரிழிவு இல்லை. இருந்தாலும் கழுத்தைப் பார்க்க எத்தனை நொடி ஆகும்? எங்கள் குழு டாக்டர் பார்த்துவிடுவார்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நாங்கள் தனியார் பள்ளிக்குள் போவதில்லை. சென்னையில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரை ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பார்த்து ஒரு ஆய்வு செய்தார்கள். அதிக எடை, உடற்பருமன் இரண்டும் சேர்ந்து அரசுப் பள்ளியில் 3.6 சதவீதம், தனியார் பள்ளியில் 21.4 சதவீதம். பயிற்சி வகுப்பில் அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டி போகிற இடம் ஒன்று, ஆபத்து அதிகம் இருக்கிற இடம் இன்னொன்று. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி யாரோ நடத்தும் முகாம்தான் கதி. பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை டாக்டரிடம் போனதா என்று கேட்க ஆள் இல்லை. எங்களிடம் குறைகள் ஆயிரம் இருந்தாலும், பரிந்துரை எழுதினால் மாவட்ட மையத்துக்குப் போனார்களா என்று போன் போட்டுக் கேட்போம்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று மாத சராசரி என்று சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை மட்டும் நம்பி வளரிளம் பெண்களுக்குச் சர்க்கரை என்று முடிவு கட்டாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும்.

---

மருந்துச்சீட்டு (செவ்வாய், மதியம் 2:40)

செவிலி அம்மா சொன்ன கடைசி விஷயத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். மிக முக்கியம்.

---

சகுராநிழல் (செவ்வாய், மாலை 5:50)

டோக்கியோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஊசியும் இல்லை, கழுத்தும் பார்ப்பதில்லை. வசந்த காலத்தில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் ஒரு சின்னக் குப்பியும் உறையும் கொண்டுவருவார்கள். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை எடுத்து, பெயர் எழுதிய உறையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். 1970-களில் சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. 1992 முதல் நாடு முழுவதும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி உறையைத்தான் கொண்டுபோகிறார்கள், அதனால் யாரும் யாரையும் கேலி செய்ய வழியில்லை. முடிவும் மூடிய உறையில்தான் வரும். என் மகளுக்கு அது பல் துலக்குவது மாதிரி ஒரு வேலை.

அறிகுறியே இல்லாத இரண்டாம் வகைப் பிள்ளைகள் பலரை இங்கே இந்தச் சிறுநீர்ச் சோதனைதான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

---

மருந்துச்சீட்டு (செவ்வாய், மாலை 6:30)

அருமையான முறை. ஒரு குறை மட்டும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதனால் வந்துவிட்ட நோயை அது பிடிக்கும், வரப்போவதைப் பிடிக்காது. தறிநாடாவின் மகளுக்கு அந்தச் சோதனை செய்திருந்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் வந்திருக்கும்.

---

பொருநைக்கரை (செவ்வாய், இரவு 9:20)

மன்னிக்கவும், கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

என் மகனுக்கு முதல் வகை நீரிழிவு, அதாவது கணையம் இன்சுலின் சுரப்பதே நின்றுபோவது. ஏழு வயதில் வந்தது. ஒல்லியான பிள்ளை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. கழுத்தில் கருமையும் இல்லை. நீங்கள் இதுவரை எழுதிய எந்தச் சல்லடையிலும் அவன் சிக்கியிருக்க மாட்டான்.

ஒரு மாதமாகத் தண்ணீர் பாட்டில் போதவில்லை என்று பெரிய பாட்டில் கேட்டான், வாங்கிக் கொடுத்தோம். படுக்கையில் சிறுநீர் போனான், குளிருக்கு என்று நினைத்தோம். வகுப்பில் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கிறான் என்று டைரியில் புகார் எழுதி அனுப்பினார்கள். "பாடத்தில் கவனம் இல்லை" என்று அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு வாந்தி. ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மூச்சு வேகமாக வாங்கியது, கண் சொருகியது. ஐ.சி.யு.வில் சேர்த்தபோது சர்க்கரை 540-க்கு மேல். நான்கு நாள். பிழைத்துவிட்டான், இப்போது பதினொரு வயது. நன்றாகப் பந்து வீசுவான்.

இத்தாலியில் பார்மா என்ற ஊரில் ஒரு வேலை செய்தார்கள். நன்றாக இருந்த பிள்ளை திரும்பவும் படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் சர்க்கரையாக இருக்கலாம் என்று ஒரு சுவரொட்டி. அதைப் பள்ளிகளில் ஒட்டினார்கள். வட்டார மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள், கூடவே சர்க்கரை பார்க்கும் கருவியும் கொடுத்தார்கள். முன்பெல்லாம் புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் என் மகன் வந்த அந்த மோசமான நிலையில்தான் வந்தார்களாம். எட்டு வருஷத்தில் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு படமும் நான்கு வரியும் தொடங்கி வைத்த வேலை இது. பள்ளியில் யாருக்கும் ரத்தம் எடுக்கவில்லை. 2023-இல் அதே இத்தாலி எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் வகை வரப்போவதை முன்கூட்டியே காட்டும் எதிர்ப்பொருட்களை (ஆன்டிபாடி) ரத்தத்தில் பார்க்கச் சட்டமே போட்டுவிட்டது. நமக்கு அது எப்போது வருமோ தெரியாது. சுவரொட்டிக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு இரண்டு வேண்டுகோள். பள்ளியில் சர்க்கரை பற்றிப் பேசும்போது இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லுங்கள். "இனிப்பு தின்றால் சுகர் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த நாள் என் மகனிடம் "நீ நிறைய சாக்லேட் தின்னியா?" என்று கேட்கிறார்கள். அவன் என்ன பதில் சொல்வான்? அப்புறம், அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கிற பிள்ளையைப் பற்றி டைரியில் எழுதும்போது, கண்டிக்கிற மாதிரி மட்டும் எழுதாமல், நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் எழுதுங்கள்.

---

மைதானம் (செவ்வாய், இரவு 9:48)

ஐயா, அந்தச் சுவரொட்டியை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தருகிறீர்களா? எங்கள் பள்ளியில் ஒட்டுகிறேன். ஓவிய ஆசிரியர் படம் போட்டுத் தருவார்.

---

பொருநைக்கரை (செவ்வாய், இரவு 10:02)

இன்றைக்கே எழுதித் தருகிறேன் சார்.

---

பழையசோறு (புதன், காலை 7:15)

பொருநைக்கரை எழுதியதைப் படித்தேன். மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. பள்ளிக்கு இந்த வேலை வேண்டாம் என்று நான் எழுதியது தவறு. ஆனால் பெயர் கெடும் என்ற என் கவலை அப்படியே இருக்கிறது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

---

மருந்துச்சீட்டு (புதன், காலை 8:35)

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. அதற்கு ஆதாரமும் உண்டு. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில், 28,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து மூன்று வருஷம் ஒரு பரிசோதனை செய்தார்கள். பள்ளியில் எடை பார்த்து வீட்டுக்கு அறிக்கை அனுப்பினால் பிள்ளைகளின் எடை குறைகிறதா என்பதுதான் கேள்வி. 2021-இல் முடிவு வெளியானது. குறையவில்லை. மாறாக, எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய அதிருப்தி கூடியிருந்தது. எண்ணை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, அதற்குமேல் எதுவும் செய்யாமல் இருந்தால் பிள்ளைக்குக் காயம்தான் மிச்சம். தறிநாடா வீட்டில் நடந்தது அதுதான்.

அதற்காகப் பார்க்காமலும் இருக்க முடியாது. மத்திய அரசின் 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், பள்ளி வயதுப் பிள்ளைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. பூப்பு வயதில் வளர்ச்சி ஹார்மோன் காரணமாக இன்சுலினின் வேலைத்திறன் இயல்பாகவே குறையும், பிறகு பலருக்குத் தானாகச் சரியாகும். ஆனால் வந்துவிட்டால் பிள்ளைகளின் இரண்டாம் வகை, பெரியவர்களுடையதைவிட முரடானது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட 500 பேர் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சராசரியாக 26 வயது ஆவதற்குள் 60 சதவீதம் பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒரு பாதிப்பாவது வந்திருந்தது. 26 வயது என்றால் நம் ஊரில் கல்யாணம் பேசுகிற வயது. ஐயா சொன்ன கல்யாணக் கவலையை அதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி. புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளை அளந்தது. சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தை எல்லா வகையிலும் சின்னது, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பில் மட்டும் அந்த அளவுக்குக் குறைவில்லை. சதை குறைவு, கொழுப்பு அதிகம். ஒல்லியாகத் தெரிகிற பிள்ளைக்கும் தொப்பை இருந்தால் நான் டேப்பை எடுப்பது அதனால்தான். அரசுப் பள்ளியில் எடை குறைவு என்று நாம் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

---

ஹூஸ்டன்வாசி (புதன், காலை 9:05)

எடையைப் பற்றி வீட்டில் பேசுவதையே நாங்கள் நிறுத்திவிட்டோம். எடை மெஷின் பரணில் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டை 9:30-இலிருந்து 7:30-க்குக் கொண்டுவந்தோம். ஜூஸ் பாட்டில் வாங்குவதில்லை. சாப்பிட்டதும் நானும் அவனும் தெருவைச் சுற்றி நடக்கிறோம். நடக்கும்போது அவன் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதற்காகவே நான் நடக்கிறேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. கழுத்தில் கருமை பாதி குறைந்துவிட்டது. அவனுக்கும், எனக்கும்.

---

கிராமச்செவிலி (புதன், மதியம் 1:40)

சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் "சர்க்கரைப் பலகை" வைக்கச் சொல்லித் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. எந்தத் தின்பண்டத்தில், எந்தக் குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பலகையில் காட்ட வேண்டும். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்றால் ஏழெட்டு ஸ்பூன். பிள்ளைகள் முன்னால் டம்ளரில் ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டுக் காட்டினேன். நான்காவது ஸ்பூனிலேயே "போதும் மிஸ்" என்று கத்தினார்கள். மற்ற பள்ளிகளும் இதைச் செய்யலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பலகைக்குப் பக்கத்திலேயே கேண்டீனில் அதே பாட்டிலை விற்கக் கூடாது.

---

தறிநாடா (அடுத்த வாரம் சனி, இரவு 8:30)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் இரண்டு மூன்று முறை படித்தேன்.

மகளை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். வெறும் வயிற்றில் 97. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து 151. 140-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும், நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார். மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் சாப்பாடும் ஓட்டமும், பிறகு பார்ப்போம் என்றார்.

கிளம்பும்போது அவர் என்னிடம், "கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது என்றீர்களே, அதன்பிறகு உங்களுக்கு எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. பிரசவத்தோடு போய்விட்டது என்று சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். அங்கேயே எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 168. மறுபடியும் எடுத்தார்கள், 171. மூன்று மாத சராசரி 8.2. எனக்குச் சர்க்கரை நோய், எத்தனை வருஷமாகவோ. தறி ஓட்டுகிற அசதி என்று நினைத்துக்கொண்டிருந்தது அதுதான் போல.

மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் என் பின்னால் நின்று, கொண்டையைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தாள். "அம்மா, உனக்கும் இருக்கு" என்றாள். நடு ரோட்டில் இரண்டு பேரும் அழுதோம். ஆனால் அதற்குப் பிறகு அவள் குளியலறையில் நேரம் எடுப்பதில்லை.

பள்ளிக்குப் போய் முதல்வரைப் பார்த்தேன். அந்தச் சீட்டைக் கொடுத்த விதம் பற்றிச் சொன்னேன், அவர் உட்கார வைத்துக் கேட்டார். அடுத்த முறை மூடிய உறையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வேன் பையன்களிடம் நானே பேசினேன். ஒருவனுடைய கழுத்தும் அப்படித்தான் இருந்தது. அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் அம்மாவைத் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

மருந்துச்சீட்டு (சனி, இரவு 9:10)

உங்கள் எண்ணிலிருந்தே ஆரம்பியுங்கள் சகோதரி. "எனக்குப் பார்த்தார்கள், இப்படி வந்தது" என்று சொன்னால் அந்த அம்மா காது கொடுத்துக் கேட்பார்.

இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்கு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு 2007-இலேயே வந்துவிட்டது. டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் விடாமல் வலியுறுத்தியதால் வந்தது. அதனால் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது என்று தெரிந்த தாய்மார்கள் நம்மிடையே ஏராளம். பிரசவம் ஆன ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். பிள்ளைக்குப் பத்து வயது ஆனதும் கழுத்தையும் வயிற்றையும் பாருங்கள். மாத்திரையோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாதீர்கள் தறிநாடா, கண் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் உடனே செய்துகொள்ளுங்கள்.

---

பழையசோறு (சனி, இரவு 9:35)

தைரியமாக இருங்கள் அம்மா. என் பேத்திக்கு ஒன்பது வயது. நாளைக்குக் காலையில் அவளுக்கு நானே தலை பின்னிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியே பார்த்துவிடுகிறேன்.

---

மைதானம் (ஞாயிறு, காலை 6:20)

வரும் புதன்கிழமை எங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. நூலக அறையை ஒதுக்கிவிட்டோம். ஜன்னலுக்கு மறைப்புத் துணி தைத்தாயிற்று. 420 உறைகள் வாங்கியிருக்கிறோம், எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று, ஒன்றும் இல்லாதவர்களுக்கும் சேர்த்து. பொருநைக்கரை ஐயா எழுதித் தந்த நான்கு வரி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் பாட்டில் நிரப்ப வரும் இடம் அதுதான்.